கூரைக்கு ஏறிய பெயர்

கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் துணி போர்த்திய சட்டை அரங்கத்தின் கூரையை நோக்கி ஆடி ஆடி மேலே போனது.

ஜெர்சினா நடுத்திடலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நின்றால் வலி உயிரை வாங்கும். இன்றைக்கு வாங்கினால் வாங்கட்டும் என்று நின்றாள்.

இந்த கிளப்புக்காக இருபது வருஷம் வாலிபால் ஆடியவள். வலையருகே அவள் எழும்பினாலே எதிரணிக்காரிகள் இரண்டடி பின்னால் போவார்கள். இனி எட்டாம் எண்ணை இங்கே வேறு யாரும் போடக்கூடாது, அவள் சட்டை கூரையிலேயே தொங்கட்டும் என்று கிளப் முடிவு செய்திருந்தது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். சட்டையின் முதுகில் தன் சொந்தப் பெயர் இருக்க வேண்டும்.

பிரேசிலில் ஆட்டக்காரிகளின் முதுகில் ஞானஸ்நானப் பெயரைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. கூட்டம் எதைச் சொல்லிக் கத்துகிறதோ அதுதான் பெயர். ஒருத்தி முதுகில் சுண்டெலி, இன்னொருத்தி முதுகில் தீக்குச்சி. ஜெர்சினாவின் முதுகில் கரி.

பதினாலு வயதில் அணித் தேர்வுக்கு வந்த அன்று பயிற்சியாளர் வால்டிர் வைத்தது. வரிசையில் நின்றவர்களில் அவளைப் பார்த்துக் கையை நீட்டி, ஏ கரி, நீ வா என்றார். மற்றப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கா போவது?

அப்புறம் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவி, தேசிய அணியோடு ஜப்பான் வரைக்கும் போய் வந்தது. அம்மா மட்டும் சாகும்வரை ஓர் ஆட்டத்துக்கும் வரவில்லை. வீட்டு டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் மகளைப் பார்ப்பாளாம்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் போனபோது நர்ஸ் ஜெர்சினா, ஜெர்சினா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது.

கிளப் தலைவர் அடெமாருக்கு அவள் கேட்டது பிடிக்கவே இல்லை. சட்டையில் வேறு பெயர் போட்டால் யாருக்கு அடையாளம் தெரியும் என்றார். காப்பி வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துத் தாஜா பண்ணினார்.

"பாசத்துல வெச்ச பேரும்மா அது. உன்னைக் கரின்னு கூப்பிடாம எங்களுக்கு வாய் வருமா?"

"உங்க பொண்ணைப் பாசமா என்னன்னு கூப்பிடறீங்க, ஐயா?"

அடெமார் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், சரி, உன் இஷ்டம் என்று எழுந்துவிட்டார்.

தனக்காக என்றால் அவள் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டாள். அவளுக்கென்ன, பழகிப்போன கட்டை. மகள் மைராவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அம்மாவின் உயரம், அம்மாவின் நிறம். போன மாதம்தான் இதே கிளப்பில் சிறுமியர் அணிக்கு எடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்தும் எவனாவது கையை நீட்டுவதற்குள், ஒரு மனுஷியைப் பெயர் சொல்லிக் கூப்பிட இவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரே ஆசைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

துணி விழுந்தது.

எட்டு. அதன் மேலே பெரிய வெள்ளை எழுத்தில் ஜெர்சினா.

அம்மா வைத்த பெயரை இவ்வளவு பெரிதாக அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

அரங்கம் கப்சிப் என்று ஆகிவிட்டது. தட்ட எடுத்த கைகள் பாதியில் நின்றன. யார் சட்டையையோ மாற்றி ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறதே என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேல்வரிசையில் பெரிய மேளம் அதிர்ந்தது. எவனோ ஒருத்தன் கரி, கரி என்று ஆரம்பித்தான். மொத்த அரங்கமும் அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டது. பலகையைக் காலால் உதைத்து உதைத்துக் கத்தினார்கள். வயசானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்கள்.

பாசம்தான். சந்தேகமே இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பகையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். இவர்களை என்ன செய்வது?

நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல் அடெமார் உதட்டைப் பிதுக்கினார்.

போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பெயர் மேலே ஏறிவிட்டது, இனி எவனாலும் இறக்க முடியாது. கத்துகிறவர்கள் கத்தி ஓயட்டும். நாளைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அண்ணாந்து அதைத்தான் படிப்பார்கள். மைராவும் படிப்பாள்.

சிறுமியர் அணி பூங்கொத்தோடு ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் மைரா. பூவை அம்மாவின் கையில் திணித்துவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புதுச் சட்டை, இன்றைக்குக் காலையில்தான் கொடுத்தார்களாம். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"அம்மா, இங்க பாரேன். நானே கேட்டு வாங்கினேன்."

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள்.

குட்டிக் கரி என்று எழுதியிருந்தது.