முட்டை தின்ற கோபுரம்

மாதா மேல் சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பங்குச் சாமியார் கட்டிய மாதா கோயிலின் இரண்டாவது கோபுரத்துக்குச் சுண்ணாம்பில் கலக்கக் கொடுத்த முட்டைகளை, கொத்தனார் சவேரியப்பன் தன் மனைவி தெரேசம்மாளுக்கு அவித்துக் கொடுத்தான். கஞ்சிகூடத் தங்காமல் துரும்பாகிப்போன பிள்ளைத்தாய்ச்சி அவள். அவள் உடம்பில் ஒரு சுற்றுச் சதை ஏறினால், கோபுரம் ஒரு சாண் இறங்கியது.

சாமியார் குடிசைக்கே வந்து, முட்டை ஓடுகளைப் பார்த்துவிட்டார்.

"என்னை வேலையை விட்டுத் துரத்துங்க சாமி. அவள ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றான் சவேரியப்பன்.

"சும்மா இருய்யா. புள்ள உதைக்குது சாமி" என்றாள் தெரேசம்மாள்.

சாமியார் குனிந்து, அவள் வயிற்றின் மேல் சிலுவை வரைந்தார்.

"கோபுரம் இங்கே எழும்புகிறது சவேரியப்பா. கோயிலுக்கு ஒன்று போதும்."

பிறந்த பிள்ளை வளர வளர, இறங்கிய கோபுரமும் தானாகவே ஏறியது. அந்தக் கோயிலில் இன்றும் ஒரே உயரத்தில் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன.