உழாத அரை ஏக்கர்

ஐந்து மணிக்கு எழுந்தான் அன்புசெல்வன். பால் காய்ச்சினான். டீ குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனான்.

நிலத்தின் ஓரம் டிராக்டர் நின்றிருந்தது. பக்கத்தில் மாமனார் துளசிராமன்.

“இன்னிக்கு ஓட்டிடலாம், மாப்ள. கலியன் வண்டி கெடைக்கறதே பேஜாரா கீது.”

அரை ஏக்கர் முழுக்க முயல்மசால் படர்ந்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அவன் மனைவி குணசுந்தரி விதைத்தது. இனி இங்கே உழவே கூடாது என்றாள். இந்தப் பயறு வகைச் செடி உயிரோடு மண்ணை மூடிக் கிடக்கும், ஈரம் காக்கும், தழைச்சத்து கொடுக்கும். அவ்வப்போது அறுத்துவிட்டு, நடுவில் குச்சியால் குழி போட்டு மக்காச்சோளம் ஊன்றினால் போதும் என்றாள். உழாமல் சோளம் தேறாது என்பார் துளசிராமன். அப்பாவும் மகளும் வரப்பில் நின்று சண்டை போடுவார்கள். சாப்பிடும்போது நிறுத்துவார்கள். கை கழுவியதும் தொடர்வார்கள்.

சோளம் இடுப்புக்கு மேல் வளரவில்லை.

கலியன் வண்டியை விட்டு இறங்காமலே, இது சோளக்கொல்லையா, ஆட்டுக்கு மேய்ச்சலா என்று கேட்டான். துளசிராமன் அவனை அதட்டினார். பிறகு மாப்பிள்ளையிடம், அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எத்தனை நாள் ஷிப்ட்டுக்கு முன்னால் வந்து ஒண்டியாக அறுப்பீர்கள் என்றார்.

உழுதால் அவள் விதைத்தது எதுவும் மிஞ்சாது. அன்புசெல்வன் அரிவாளோடு செடிக்குள் இறங்கினான். துளசிராமன் பின்னாலேயே வந்தார்.

“ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் மருந்து வாங்கப் போயிட்டேன். நீங்கதான் கிட்ட இருந்தீங்க. கடைசியா இன்னா சொன்னா?”

அன்புசெல்வன் செடியைப் பார்த்தான்.

“நெலத்த உழவே கூடாதுன்னு சொன்னா, மாமா.”

துளசிராமன் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாருங்களேன். கடைசி வரைக்கும் எங்கிட்ட தோக்கவே இல்ல எம் பொண்ணு.”

கலியனைப் போகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையிடமிருந்து அரிவாளை வாங்கினார். செடியை அறுக்க உட்கார்ந்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் குணசுந்தரி அன்புசெல்வனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

“எங்கப்பா சொன்னதுதான் கரெக்ட்டு. டிராக்டர் உட்டு ஓட்டிடு. அவராண்ட மட்டும் சொல்லிடாத.”