ஐந்நூறாவது உறை

பத்தாவது உறையைத் திறந்தபோதுதான் வில்லங்கம் வந்தது.

அதற்கு முன் திறந்த ஒன்பதிலும் ஒரே அச்சடித்த தாள். மேலே பல் மருத்துவமனையின் பெயர். நடுவில் கை கால் முளைத்துச் சிரிக்கிற ஒரு கடைவாய்ப் பல். கீழே, 'உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. சனிக்கிழமை இலவசப் பரிசோதனை. வாருங்கள்.'

பத்தாவதிலும் அதே தாள்தான். ஆனால் பல்லின் காலடியில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

'அக்கா, பல்லு வலிச்சாத்தான் வரணும்னு இல்ல.'

நான் மொத்தத் தபால் கவுன்டரில் உட்காருகிறவன். கம்பெனிகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் கடிதங்களை ஒப்பந்தப்படி சரிபார்த்து வாங்குவது என் வேலை. ஐந்நூறுக்குக் குறையக் கூடாது. உறை ஒட்டியிருக்கக் கூடாது. ஐம்பதுக்கு ஒன்று திறந்து பார்க்க வேண்டும். பிரிவு ஒன்பதின்படி, உள்ளே இருப்பது எல்லா உறையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் என்னை 'பிரிவு ஒன்பது' என்பார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே.

தாளைத் திருப்பி, கட்டைக் கொண்டுவந்திருந்த பெண்ணிடம் காட்டினேன். மருத்துவமனையின் வரவேற்பாளர் அவள். முப்பது வயதிருக்கும். முகம் சுண்டிப்போனது.

"இது போகாதும்மா. இதை எடுத்துட்டா நானூத்தித் தொண்ணூத்தொம்போது. அப்புறம் எதுவுமே போகாது."

எழுதாத தாள் ஒன்றை உள்ளே வைத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். சரி, வேறு யாருக்காவது ஒன்று சேர்த்துக்கொண்டு இதை மட்டும் ஸ்டாம்பு ஒட்டித் தனியாகப் போடலாமே என்றேன்.

"தனியாப் போனா பிரிக்காமலே கிழிச்சுடுவாங்க சார்."

யாரோ சிடுமூஞ்சி நோயாளி என்று நினைத்துக்கொண்டேன். ஈமெயில் அனுப்பலாமே என்றதற்கு, அங்கேயும் ஒரு ஒப்பந்தமாம். சம்மதம் என்று கட்டத்தில் டிக் அடித்தவர்களுக்கு மட்டும்தான் அனுப்ப முடியுமாம். அந்த அக்கா எதற்கும் அவ்வளவு சுலபமாக டிக் அடிக்கிற ஆள் இல்லையாம்.

மணி ஒன்றரை. தபால் வண்டி நாலு மணிக்குக் கிளம்பிவிடும். அன்று வியாழன். அதை விட்டால் சனிக்கிழமைக்குள் ஒன்றுகூடப் போய்ச் சேராது.

அவள் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, நின்ற வாக்கிலேயே முழுசும் படித்தாள். எனக்குத் தெரிந்து, என்னைத் தவிர அதை முழுசாகப் படித்த ஒரே ஆள்.

"ஒண்ணுபோல இருந்தா போதும்தானே சார்? மிச்சம் எல்லாத்துலயும் இதையே எழுதிடறேன்."

"ஆம்பளைங்களுக்கும் அக்காவா?"

"ஒண்ணுபோல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். கையால் எழுதக் கூடாது என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இரண்டே கால் வரைக்கும் எண்பதைத் தாண்டவில்லை. பார்சல் அனுப்ப வந்த ஒரு அம்மா, பார்த்துக்கொண்டே நின்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூறு உறையை இழுத்துக்கொண்டார். காப்பீட்டு முகவர் ஒருவர் ஐம்பது. அவர் சும்மா எழுதவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பேனா கொடுத்து உட்கார வைத்தார்.

நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கவுன்டருக்குள்ளேயே அறுபது எழுதினேன். யார் எழுத வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரை அக்கா என்று கூப்பிட்டது நான்தான். உறையில் பதவியைப் பார்த்ததும் பேனாவை ஒருமுறை மூடித் திறந்தேன். எழுதிவிட்டேன்.

மூன்று ஐம்பதுக்கு மறுபடி ஐம்பதுக்கு ஒன்று திறந்து பார்த்தேன். பத்திலும் அக்கா இருந்தாள். முத்திரை குத்தி வண்டியில் ஏற்றினேன்.

அடுத்த மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். அந்தச் சனிக்கிழமை மருத்துவமனையில் உட்கார இடமில்லையாம். முதல் ஆளாக வந்து நின்றது இன்ஸ்பெக்டர்தானாம், பல்வலி எதுவும் இல்லாமல்.

இந்தத் தடவை உறைகள் அடுக்கிய பெட்டி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் கூட வந்திருந்தாள். பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். அச்சு அசல் அதே முகம், கொஞ்சம் கோபம் சேர்த்துச் செய்ததுபோல.

பெட்டியை என் முன்னால் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, கேட்காமலே சொன்னாள்.

"நாலு வருஷமா இவ மூஞ்சியில முழிக்கல சார் நான். இவ வந்து கூப்பிட்டிருந்தா போயிருக்கவே மாட்டேன். எதிர்வீட்டுக்கும் வந்துச்சு, மாடிவீட்டுக்கும் வந்துச்சு. ஊருக்கே போட்டதுதானே, நாமளும் பல்லைக் காட்டிட்டு வருவோம்னு போனேன். கூடப்பிறந்தவளாச்சேன்னு ஒண்ணும் போகல."

அவள் தோளுக்குப் பின்னால் தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எல்லாருக்கும் போட்டதுதானே சார்?" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஐந்நூறும் ஒண்ணுபோலதாம்மா," என்றேன். "நானே திறந்து பார்த்தேன்."

ஒப்பந்தப்படி அது முழு உண்மை.