மைனா கற்ற ஒரே வார்த்தை

பஸ் ஸ்டாண்டில் குடியிருந்த மைனாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

"காக்கா அண்ணே, நான் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன்!"

"எத்தனை வார்த்தை?" என்றது காக்கை.

"ஒண்ணே ஒண்ணு. ரைட்! அது போதும்ணே. கண்டக்டர் டீ குடிச்சு முடிச்சா ரைட்டுங்கிறார். சண்டை தீர்ந்தா ரைட்டு. வீட்டுக்காரம்மா போன்ல திட்டினாலும் ரைட்டு ரைட்டு. அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பெரிய பஸ்ஸே கிளம்பிடுது!"

"அவர் சொன்னா கிளம்பும். நீ சொன்னா?"

மைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாளாக ரிப்பேராகி மூலையில் நின்ற பஸ் அன்றுதான் சரியாகி உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்து, கண்டக்டரின் குரலிலேயே கத்தியது: "ரைட்!"

பஸ் புறப்பட்டுவிட்டது.

"பாத்தீங்களாண்ணே!" மைனா குதியாய்க் குதித்தது.

"பாத்தேன். அந்த பஸ் கூரையிலதானே நீ கூடு கட்டி வச்சிருக்கே? முட்டை மூணும் ஊருக்குப் போகுதே!"

மைனா அலறியடித்துக்கொண்டு பின்னால் பறந்தது. மனிதர் மொழியில் அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். தொண்டை கிழியக் கத்தியது: "ரைட்! ரைட்! ரைட்!"

டிரைவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார்.