சாவி இல்லாமல் மூன்று நிமிடம்

சாவி முனியராஜின் கையில் இருந்தது. காருக்குள் யாரும் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டாசு ஆலையிலிருந்து வெளியே வந்த பெண்கள் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள். மாரித்தாய் உதட்டுக்குள் எண்ணினாள். இருபது குழாய்க்கு மருந்து திணிக்கிற நேரம் போனதும் எஞ்சின் தானாக அடங்கியது.

"வெள்ளைத்தாயி எறங்கிட்டா," என்றாள். "அன்னைக்கும் அவ உசிரு அடங்க இம்புட்டு நேரந்தான் ஆச்சு."

வெள்ளைத்தாய், டிரைவர் முனியராஜின் மனைவி. போன வருடம் இதே ஆவணியில், கேட்டைத் தாண்டி இருக்கிற வேப்பமரத்தடியில் மருந்து வெடித்துப் போய்ச் சேர்ந்தாள்.

ஆலைக்குள் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் உண்டு. சீசன் வந்தால் சட்டம் பத்தாது. ஷிப்ட் முடிந்ததும் மிச்ச மருந்தை மரத்தடிக்குத் தூக்கிப்போய் இருட்டும்வரை திணிப்பார்கள். வெள்ளைத்தாய் செத்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கார் இப்படித் தானாக ஓட ஆரம்பித்த இந்த ஒரு வாரமாகத்தான் யாரும் போகவில்லை. மரத்தடிக்குப் போக அந்தக் காரைத் தாண்ட வேண்டும்.

"பொண்டாட்டி கருகுன எடத்துக்கு எதுத்தாப்புலயே தினமும் வண்டியக் கொண்டாந்து நிறுத்துறானே, இவனெல்லாம் மனுசனா?"

முனியராஜின் காதுபடத்தான் பேசினார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதலாளி லட்சுமிகாந்தத்துக்குப் பேய் நம்பிக்கையெல்லாம் கிடையாது. அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"மருந்தக் கையால அள்ளுறீக, அதுக்குப் பயமில்ல. சும்மா நிக்கிற வண்டிக்குப் பயப்படுறீக. தீபாவளி ஆர்டர யாரு முடிப்பா?"

"சாவி இல்லாம ஓடயில நீங்க ஒரு தடவ உள்ள உக்காந்து காட்டுங்க மொதலாளி. நாங்க போறோம்," என்றாள் மாரித்தாய்.

அவர் உட்காரவில்லை. விருதுநகருக்கு போன் போட்டு மெக்கானிக் செல்வக்குமாரை வரச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவன் வந்ததும், பேயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வண்டியின் பெருமையைத்தான் சொன்னார்.

"வெளிநாட்டுல இருந்து எறக்குனது தம்பி, 2006 மாடல். ஆயிரத்து முந்நூறு சிசிதான், ஆனா டர்போ. மதுரை ரோட்டுல பெரிய வண்டிக்காரனெல்லாம் ஒதுங்கிருவான். ரெண்டு வருசத்துல ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்ல."

"டர்போ நெருப்பாச் சுடும் மொதலாளி. வேகமா வந்து உடனே அணைச்சா ஆயில் ஓடாம உள்ளயே கருகிப்போகும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, ஆறவச்சு அணைக்கணும். அப்படிப் பாத்துக்கிட்டா ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாங்கும்."

"ஆறவைக்க ஆளு வேணுமில்ல? இது ஆளில்லாமயே ஆறுது. உள்ள எவனாச்சும் எதையாச்சும் மாட்டியிருந்தா, புடுங்கி இவுக கண்ணு முன்னால காட்டு. இன்னைக்கே மரத்தடிக்குப் போயாகணும்."

முனியராஜ் வண்டியைக் கிளப்பி, சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினான். எஞ்சின் நிற்கவில்லை. பூட்டிய கண்ணாடிக்குள் காலி சீட்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். முதலாளி துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

எஞ்சின் அடங்கியது. 

செல்வக்குமார் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டான். ரொம்ப நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அந்த மரத்தடியில என்னக்கா வேல?" என்று மாரித்தாயிடம் கேட்டான்.

"மருந்து திணிக்கிறதுதான்."

"தண்ணி, மணல் வாளி எல்லாம்?"

"மரத்தடியில அதெல்லாம் ஏது தம்பி?"

அவன் முனியராஜைப் பார்த்தான். முனியராஜ் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வக்குமார் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல மொதலாளி. உள்ள யாரும் எதையும் மாட்டவும் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "இனிமே இந்த வண்டிக்கு என்னையக் கூப்பிடாதீக."

பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஊர்ப்பக்கம் நடந்தார்கள்.

"மரத்தடி வேல இனி வேண்டாம். உள்ள முடியிற அளவுக்கு முடிஞ்சாப் போதும்," என்றார் முதலாளி. பேய் நம்பிக்கை இல்லாத அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போனது கணக்குப்பிள்ளையின் பைக்கில்.

கேட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"பொட்டியப் பாத்துட்டேல்ல தம்பி?" என்று கேட்டான் முனியராஜ். "சாவிய எடுத்தாலும் டர்போ ஆறுற வரைக்கும் எஞ்சின ஓடவிடுற பொட்டி. மதுரையில நான்தான் மாட்டிட்டு வந்தேன். மருந்து கொல்லும், மரத்தடிக்குப் போகாதீகன்னு ஒரு வருசமா ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சுனேன். ஒருத்தரும் கேக்கல. அவளே வந்து மறிச்சாத்தான் நிப்பாகன்னு தோணுச்சு."

முனியராஜ் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டான்:

"நீ ஏன் சொல்லல?"

செல்வக்குமார் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"மூணு நிமிசம் வச்சிருந்தீக. தீபாவளி வரைக்கும் பயம் தாங்கணுமில்லண்ணே, அஞ்சாக்கி வச்சிருக்கேன்."