எட்டு ஏக்கரில் நானூறு டன்

"இந்தம்மாதான் அந்தத் திருடியா?" என்று கேட்டார் ஆய்வாளர். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

எண்ணெய் ஆலை மேலாளரின் அறையில் ஏசி சில்லென்று ஓடியது. ஆனாலும் அந்தம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு சார்? அக்கா ஏதோ விவசாயம் பண்ணிப் பொழைக்கறாங்க" என்று இளித்தார் மேலாளர்.

இளிக்காமல் என்ன செய்வார்? துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. காட்டை அழித்து எடுத்த பாமாயில் ஒரு சொட்டும் வேண்டாம் என்று வாங்குகிற நாடு சட்டம் போட்டுவிட்டது. இரண்டு நாட்டு மந்திரிகளும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி இந்த ஆய்வாளர் முத்திரை குத்தினால்தான் எண்ணெய் கப்பலில் ஏறும்.

ஆய்வாளர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். தோட்டம் எதையும் காலால் மிதிக்காத ஆள். வானத்திலிருந்து எடுத்த படமே அவருக்குப் போதும்.

"இது உங்க எட்டு ஏக்கர். பத்து வருஷத்துக்கு முந்தின படத்துல வெட்டவெளிதான், காடு இல்ல. அதை நம்பித்தான் பச்சைச் சான்றிதழ் குடுத்தோம். இந்த ஃபாரத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா. தம்பிதான் போடச் சொல்லிச்சு."

தம்பி என்றது மேலாளரை. அவர் கனைத்தார். காரில் கூட்டி வரும்போதே சொல்லி வைத்திருந்தார்: "வாயே தொறக்காதீங்க அக்கா. நான் தலையாட்டினா நீங்களும் ஆட்டுங்க. நாளப்பின்னே உங்க பனங்குலையை நாங்கதானே வாங்கணும்?"

"எட்டு ஏக்கர் எண்ணெய்ப்பனையில வருஷத்துக்கு அறுபது டன் குலை வந்தாலே பெருசு" என்றார் ஆய்வாளர். "உங்க பேர்ல மூணு வருஷமா, வருஷத்துக்கு நானூறு டன் இந்த ஆலைக்குள்ள வந்திருக்கு. மரம் காய்க்குதா, இல்ல மழையா கொட்டுதா?"

"அக்கா கைராசி அப்படி சார்."

"நீங்க சும்மா இருங்க. ஏம்மா, காட்டை வெட்டினவன் குலையை உங்க பேர்ல உள்ள விட்டிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

அந்தம்மா மேலாளரைப் பார்த்தார். மேலாளர் லேசாகத் தலையாட்டினார். அந்தம்மாவும் ஆட்டினார்.

"பாத்தீங்களா சார்!" மேலாளர் துள்ளி எழுந்தார். "எங்களையே ஏமாத்திட்டாங்க! கூடப் பொறந்த அக்கா மாதிரி நெனச்சேன்!"

ஆய்வாளர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. விசைப்பலகையில் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கறுப்புப் பட்டியல்ல ஏத்தறேன். இனிமே உங்க தோட்டத்துக் குலையை எந்த ஆலையும் வாங்காது. ஆயுசுக்கும்."

அந்தம்மாவின் நகைநட்டு எல்லாம் அந்தத் தோட்டத்துக்குள்தான் போயிருந்தது. ஒரே எட்டில் மேஜைக்கு வந்து மடிக்கணினியை அமுக்கி மூடினார்.

"அடப்பாவி, தலையாட்டினா வாங்குவேன்னு சொல்லித்தானே கூட்டியாந்தே!" என்று மேலாளரைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நான் கன்னு நட்டதே போன மழைக்குத்தான்!"