முதலாளி இல்லாத இடம்

“முதலாளி ஆரெண்டே தெரியாத இடத்திலை நான் ஏன் போய்ச் சேரவேணும்?” என்று கேட்ட யோகலிங்கம், போனைச் சாரத்து மடிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

எதிரே கதிரையில் இருந்த லக்சிகா சிரித்தாள். கம்பஸில் கம்பியூட்டர் படிக்கிறாளாம், ஊர் நெளுக்குளமாம். அங்கிருந்து உடையார்கட்டுக்கு பஸ் ஏறி வந்து, பேஸ்புக்கை விட்டுப் புதிதாக எதிலோ சேரச் சொல்கிறாள்.

“முதலாளி இல்லை ஐயா. ஊருக்கு ஊர் ஆக்களே நடத்துறது. எங்கடை கதையளை ஒருத்தரும் விக்கேலாது.”

“கேக்க ஆளில்லாத மாட்டைக் கட்டாக்காலி எண்டுவம், பிள்ளை. அது வயலுக்கை இறங்கினால் ஆரைப் பிடிக்கிறது? வேலியாலை போற ஓணானை மடியிலை விடச் சொல்லுறாய்.”

சொன்ன பழமொழியில் யோகலிங்கத்துக்கு ஒரு திருப்தி. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. மதகடியில் நாலு இளைஞர்கள் போனும் கையுமாகத்தான் இருந்தார்கள். இவள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே இந்தப் படலையை அல்லவா திறந்தாள்? இதில் ஏதோ சூது இருக்கிறது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி கமலாசனி, “நெளுக்குளமோ பிள்ளை? அங்கை எங்கடை...” என்று தொடங்கினாள்.

யோகலிங்கம் செருமினார். அவள் பேச்சை விழுங்கிக்கொண்டாள். சொல் கேளாமல் கலியாணம் முடித்துப் போன மகன் சுஜிதனின் பெயரை அந்த வீட்டில் எடுத்து ஆறு வருடமாகிறது.

“இந்த மனுசன் அந்தப் போனை என்னைத் தொடவும் விடாது. விடிய எழும்பினால் அதோடைதான். நீ எங்கை மாத்தப்போறாய்!” என்று முணுமுணுத்தபடி அவள் குசினிக்குள் போனாள்.

யோகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “பேஸ்புக்கிலை இருக்கிற ஆக்கள் அங்கையும் வருவினமோ?”

“வந்தால் பாக்கலாம் ஐயா.”

“வராட்டி?”

“பாக்கேலாது.”

அவர் மடியிலிருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார். இருப்பதையும் தொலைத்துவிட்டு நிற்க அவரால் முடியாது.

“ஒராள் குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம். வெளிக்கிடு பிள்ளை, பஸ் போயிடும்.”

லக்சிகா எழுந்திருக்கவில்லை. “உங்களுக்கு அதிலை இருக்கிறதே ஒரு நண்பர்தானே?”

“அது... உனக்கெப்பிடித் தெரியும்?”

“எங்கடை வீட்டிலை அக்கா, அம்மா எல்லாரும் மாறியிட்டினம். சுஜிதன் அத்தான் மட்டும் அசையிறாரில்லை. தான் மகளின்ரை படம் போட்டு அஞ்சு நிமிசத்திலை, பிள்ளையார் படம் வைச்ச ஒராள் லைக் போடுறவராம். அந்த ஆள் வந்தால்தான் தானும் வருவாராம்... மாமா.”

யோகலிங்கம் மடியிலிருந்த போனை எடுத்து அவளிடம் நீட்டினார். திரையில் பிள்ளையார் இருந்தார்.